எட்டு சிலிண்டரும் ஒரு டிக்கும்

அக்கா, முழங்கையைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிறீங்களா? கோவிச்சுக்காதீங்க. மடியில இருக்கிற இந்த அட்டை மேல பட்டுடக் கூடாது, அதான். போட்டோ இல்லீங்க. கண்ணாடியும் இல்லை. உள்ள செப்புத் தகடு ஒண்ணு இருக்கு. அம்மாவோட பழைய காட்டன் புடவையைச் சுத்தி, ரெண்டு அட்டைக்கு நடுவுல படுக்க வச்சிருக்கேன். இதுல ஒரு மடிப்பு விழுந்தாலும் நான் கோயமுத்தூருக்கே போக வேண்டாம். பெருந்துறையில இறங்கி, வேற பேரு வச்சுக்கிட்டு, வேற குடும்பம் தேடிக்கணும்.

பேரா? கோகிலவாணி. சிரிச்சிடுங்க, பரவாயில்லை. குயில் மாதிரி பேசுவேன்னு நெனச்சு வச்ச பேரு. குயிலும் வரும். காக்காவும் வரும், குக்கர் விசில் வரும், எங்க ஃபிசிக்ஸ் மிஸ் வருவாங்க, மிஸ்ஸோட ஸ்கூட்டியும் வரும். ப்ளஸ் டூ முடிச்சு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கேன். அதுவரைக்கும் இதான் வேலை.

இப்ப ஏன் டிரைவர் பக்கத்துல எஞ்சின் சூட்டுல உக்காந்திருக்கேன்னு நெனைக்கிறீங்க? ஜன்னல் சீட்டு இருந்துச்சுங்க பின்னாடி. சேலத்துல வண்டி நின்னுட்டிருந்தப்ப, சும்மா, வாய் அரிச்சுதுன்னு, கண்டக்டர் குரல்ல ஒரு "போலாம் ரை!" குடுத்தேன். டிரைவர் அண்ணா எடுத்துட்டாரு. கண்டக்டர் அண்ணா டீக்கடையில கையில கிளாஸோட நின்னுட்டிருந்தாரு. ஓடி வந்து ஏறினவர் முதல்ல சொன்னது, "ஏம்மா, நீ முன்னாடி வந்து என் கண்ணுக்கு நேரா உக்காரு." அதான் உக்காந்திருக்கேன். பாருங்க, இப்பவும் முறைக்கிறாரு.

தகடு காருக்குங்க. சாதாரணக் கார் இல்லை, மஸ்டாங். அமெரிக்காக்காரன் வண்டி, அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல், எட்டு சிலிண்டர். படத்துல பாத்திருப்பீங்க, மூக்கு மட்டும் பத்து ஊருக்கு நீண்டு, வில்லன் வந்து இறங்கி சிகரெட் பத்த வைப்பானே, அது. ஆனா எங்களுக்குக் கிடைச்சப்ப அதுல வில்லன் இல்லை, பெருச்சாளி இருந்துச்சு. ஒண்டிப்புதூர்ல மூடிக்கிடந்த ஒரு மில்லு குடோன். அங்க அந்தக் காலத்துல மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஆசையாக் கொண்டு வந்து, திரும்பிப் போகும்போது விட்டுட்டுப் போயிட்டாராம். அப்புறம் எவரோ ஒரு புண்ணியவான் பெட்ரோல் கட்டுப்படியாகலைன்னு அந்த எஞ்சினைக் கழட்டிட்டு பால் வேன் டீசல் எஞ்சினைப் பூட்டியிருக்காரு. யோசிச்சுப் பாருங்க. பயில்வானுக்குப் பச்சைப்புள்ளையோட நெஞ்சை வச்ச மாதிரி.

இதைக் கண்டுபிடிச்சது மூணு பேரு. மூணு பேருக்கும் ஒரே வியாதி.

ஒண்ணு, எங்கம்மா சுலோச்சனா. கணபதியில மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை வச்சிருக்காங்க. எந்த மோட்டாரைப் பாத்தாலும், "எரிஞ்சு போச்சா? குடு கண்ணு, கட்டிடலாம்"னு ஆசுபத்திரி நர்ஸ் மாதிரி பேசுவாங்க. என்னைப் பாத்தா அந்தக் குரல் வராது. ரெண்டாவது, உக்கடத்துல டிங்கரிங் பண்ற ஷம்சுதீன் பாய். தகரத்தைத் தட்டித் தட்டி அவர் பேச்சும் தட்டித் தட்டித்தான் வரும். "பாப்பா. இந்தக் கதவு. இது கதவு இல்லை. இது மாஷா அல்லா." அவ்வளவுதான் பேச்சு. மூணாவது டெரிக் அங்கிள். போத்தனூர்க்காரர், ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் தமிழ் இப்படி இருக்கும்: "என்னா மா நீ, ஸ்பேனர் அங்க வெச்சா அது ஸ்பேனரா மா? டோன்ட் டச் மா, சும்மா நில்லு மா." பாத்தீங்களா, அந்த மூக்குல கொஞ்சம், தொண்டையில கொஞ்சம். இது பழக எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

எங்கப்பாவா? அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. வண்டியைப் பத்தி யாராவது கேட்டா, "எனக்குத் தெரியாதுங்க, நான் இந்த வீட்டுல குடியிருக்கேன்"ம்பாரு.

ஆறு வருஷம் அக்கா. நான் ஆறாவது படிக்கும்போது ஆரம்பிச்சாங்க. முதல் மூணு வருஷம் சண்டையிலயே போச்சு. பாய் கறுப்புப் பெயின்ட் அடிச்சு வெள்ளைக் கோடு போடணும்பாரு, சக்கரத்தைப் பெருசாக்கணும்பாரு. அங்கிள், "கம்பெனி என்ன கலர் குடுத்தானோ அதான் மா கலர், பச்சைன்னா பச்சை"ம்பாரு. அம்மா, "உள்ள ஏசி வச்சிடலாம், எவனுக்குத் தெரியப் போகுது"ம்பாங்க. உடனே அங்கிள் எழுந்து போயிடுவாரு. ரெண்டு நாள் பேச மாட்டாரு. மூணாம் நாள் ஒரு போல்ட்டை எடுத்துக்கிட்டு வந்து, "இது பழைய ஒரிஜினல் மா, எங்க கிடைச்சுது கேளு"ம்பாரு. சண்டை தீந்துடும்.

பழைய எஞ்சின் எங்க கிடைச்சுது தெரியுமா? நெகமத்துல, ஒரு தென்னந்தோப்புல. எவரோ அதை வாங்கித் தண்ணி இறைக்க வச்சுப் பாத்திருக்காங்க. கிணத்துத் தண்ணியை விட அது பெட்ரோல் அதிகமாக் குடிச்சிருக்கு. அப்படியே போட்டுட்டாங்க. நாங்க போனப்ப அது மேல கோழி ஒண்ணு அடை காத்துட்டிருந்துச்சு. பாய் கோழியை நகத்திட்டு, எண்ணெய் ஊத்தித் துடைச்சு, செதுக்கியிருந்த நம்பரைப் படிச்சாரு. காரோட தகட்டுல இருந்த அதே நம்பர். பாய் அழுதுட்டாரு. அங்கிள் தொப்பியைக் கழட்டிட்டாரு. அம்மா கோழிக்குக் கும்பிடு போட்டாங்க. நான் கோழி மாதிரிக் கத்தினேன். யாரும் ரசிக்கலை.

இப்ப இந்த வருஷம் என்ன ஆச்சுன்னா, அங்கிள் பெர்த்துக்குப் போறாரு. ஆஸ்திரேலியா. பொண்ணு அங்க இருக்காங்க, ஆன்ட்டி இறந்தப்புறம் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. இனிமே அங்கதான். திரும்பி வர மாட்டாரு. நாளைக்குச் சென்னையிலேர்ந்து ஃபிளைட். இன்னைக்குச் சாயங்காலம் ஏழரைக்குக் கோயமுத்தூர்ல ரயில். அதுக்குள்ள இந்த எஞ்சின் ஓடற சத்தத்தை ஒரு தடவை கேட்டுட்டுப் போகணும், அவ்வளவுதான் அவரோட ஆசை. ஓட்டிப் பாக்கணும்னு கூட இல்லை. "ஒன்ஸ் கேட்டா போதும் மா. ஒன்ஸ்."

இல்லீங்கக்கா. இன்னும் கேக்கலை. அதான் கதையே.

போன ஞாயித்துக்கிழமை அங்கிள் சென்னையில இருந்தாரு, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஏதோ கடைசி பேப்பர் வேலை. அம்மா ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் புதுசாக் காயில் கட்டியிருந்தாங்க. "அது சுத்துதான்னு மட்டும் பாத்துக்கலாம். அங்கிள் வந்தப்புறம்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணணும்"னு சொல்லித்தான் சாவியைத் திருகினாங்க. அது சுத்தினதோட நிக்கலை. புடிச்சுக்கிச்சு! முப்பது வருஷமாத் தூங்கின எஞ்சின், சைலன்ஸர் கூடப் பூட்டலை, பட்டறை ஷட்டர் எல்லாம் ஆடுது. பக்கத்து மாவு மில்லுலேர்ந்து வெள்ளையா நாலு பேரு ஓடி வந்தாங்க. நாப்பது செகண்டு ஓடிச்சு. தண்ணி ஊத்தலைன்னு அம்மா நிறுத்திட்டாங்க.

நிறுத்தினதும் பாய் கேட்டாரு. "பாப்பா. ரெக்கார்ட். பண்ணேல்ல? அங்கிளுக்கு."

அக்கா, நான் ஃபோனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பட்டனும் அமுக்கினேன். ஆனா ஃபோன்ல இடம் இல்லைன்னு அது நின்னுடுச்சு. ஏன் இடம் இல்லைன்னா, நானூத்திப் பன்னெண்டு ஆடியோ இருந்துச்சு. எல்லாம் நான்தான். நான் மாவு மில்லா, நான் கவுன்சிலரா, நான் எங்க ஃபிசிக்ஸ் மிஸ்ஸா. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற ஒரு விஷயத்துக்கு இடம் இல்லாம என் வாயே அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

"பண்ணிட்டேன் பாய்"னு சொன்னேன். அப்படி வாயில வந்துடுச்சு.

அப்புறம் என்ன பண்றது? இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கன்னு கேக்கலாம். கேட்டா உண்மையைச் சொல்லணும். பட்டறைக்குப் பின்னாடி பாத்ரூம் இருக்கு. உள்ள போனேன், தாழ் போட்டேன், பழைய ஆடியோ பத்தை அழிச்சு இடம் பண்ணேன், பக்கெட்டைக் கவுத்து அதுக்குள்ள தலையையும் ஃபோனையும் விட்டேன். எதிரொலிக்குங்க. அடித்தொண்டையில கொஞ்சம் எச்சிலைத் தேக்கி, மூச்சை வயித்துலேர்ந்து உதைச்சு, "டுபு-டுப், டுபு-டுபு-டுப்." ஸ்டார்ட்டர் மோட்டார் முனகறதுலேர்ந்து ஆரம்பிச்சு, புடிக்கிறது, ஏறுறது, அடங்குறது வரைக்கும், நாப்பது செகண்டு. நாலாவது தடவை சரியா வந்துச்சு. கண்ணு இருட்டிடுச்சு. மாவு மில்லுக்காரர் கத்தினதையும் கடைசியில சேத்துவிட்டேன், நிஜமா இருக்கட்டும்னு.

அனுப்பிட்டேன். அங்கிளுக்கு மட்டும் அனுப்பியிருந்தா போதும். குரூப்ல போட்டேன். "எட்டு சிலிண்டர் குடும்பம்"னு ஒரு வாட்ஸப் குரூப், கொச்சியிலேர்ந்து பெங்களூர் வரைக்கும் இந்தப் பழைய அமெரிக்கன் வண்டிப் பைத்தியங்க நூத்தி நாப்பத்தி மூணு பேரு இருக்காங்க. பெருமைதான், வேற என்ன. என் வாய்க்கு ஒரு சபை வேணும்ல?

அக்கா, ஒருத்தரு, ஒருத்தரு கூடக் கண்டுபிடிக்கலை! "தேன் மாதிரி ஐட்லிங்." "கண்ணுல தண்ணி வந்துடுச்சு பிரதர்." கொச்சிக்காரர் ஒருத்தர் அதை ரிங்டோனா வச்சுக்கிட்டாரு. நான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமலே வயிறு நிறைஞ்சு படுத்தேன்.

காலையில குரூப்லயே அங்கிள்கிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. லாட்ஜ் ரூம்ல உக்காந்து விடிய விடிய கேட்டிருக்காரு. "பியூட்டிஃபுல். பியூட்டிஃபுல் மா. பட் லிஸன். பதினோராவது செகண்டுலேர்ந்து ஒரு டிக் இருக்கு. டிக். டிக். லெஃப்ட் சைடு. உள்ள வால்வுக்கிட்ட ஏதோ போயிருக்கு. டோன்ட் ஸ்டார்ட் அகெய்ன்! இன்னொரு தடவை ஓட்டினா எஞ்சின் பிளாக்கே போயிடும்."

நானும் போட்டுக் கேட்டேன். ஆமா. டிக். டிக். இருக்கு.

இதோ பாருங்க என் பல்லு. கிளிப் போட்டிருக்கேன்ல? இடது பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டணும், மேல்பல்லுலேர்ந்து கீழ்ப்பல்லுக்கு. அன்னைக்குக் கடலை மிட்டாய் தின்னு அது லூசாயிடுச்சு. ஒவ்வொரு "டுப்"புக்கும் அது கம்பியில போய் அடிச்சிருக்கு. டிக்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொல்றதுக்குள்ள குரூப் பத்திக்கிச்சு. "டிக் எனக்கும் கேக்குது." "அது லிஃப்டர் சத்தம்." "யோவ், அது ராக்கர்." எல்லாம் வால்வைத் தூக்குற சாமானுங்க அக்கா. ஈரோட்டுல ஒரு பல் டாக்டர், அவர்கிட்ட இதே மாதிரி ஒரு வண்டி இருக்கு, "நிச்சயமா புஷ்ராடு வளைஞ்சிருக்கு, இது என் அனுபவம்"னு எழுதுறாரு. பல் டாக்டருங்க! நூத்தி நாப்பத்தி மூணு பேருல சரியாச் சொல்ல வேண்டிய ஒரே ஆளு அவருதான். ராக்கர்னு சொன்னவருக்கும் லிஃப்டர்னு சொன்னவருக்கும் சண்டை முத்தி ஒருத்தர் குரூப்பை விட்டே போயிட்டாரு.

சரி, அவங்கதான் நேர்ல கேக்கலை. எங்கம்மாவும் பாயும் எஞ்சின் பக்கத்துல நின்னு கேட்டவங்கதானே? நான் அதைத்தான் மலை மாதிரி நம்பினேன். ஒரு சத்தமும் இல்லைன்னு சொல்லிடுவாங்கன்னு. பாய் தாடியைத் தடவிக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "எனக்கு. அப்பவே. கேட்டுச்சு. சந்தோஷமான நேரத்துல சொல்ல வேண்டாம்னு. விட்டுட்டேன்." அம்மா, "எனக்கு மட்டும் கேக்கலையா? ஸ்டார்ட்டர் சத்தமோன்னு நெனச்சேன்"ங்கறாங்க. அக்கா, அப்பதான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நிஜ எஞ்சின்லயும் டிக் இருந்திருக்குமோ, நான் தெரியாம அதையும் சேத்துத்தான் பண்ணிட்டேனோன்னு. அவ்வளவு திறமைசாலியா நான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு நிமிஷம்தான்.

செவ்வாய்க்கிழமை அங்கிள் வந்து இறங்கினாரு. வீட்டுக்குக் கூடப் போகலை. நேரா பட்டறை. என் ஃபோனை மேஜை மேல வச்சு அந்த ஆடியோவைப் போடச் சொல்லி, நீள ஸ்க்ரூடிரைவரோட நுனியை ஃபோன் ஸ்பீக்கர்ல ஊனி, கைப்பிடியைக் காதுல வச்சுக் கேட்டாரு. எஞ்சின் உள்ள சத்தம் கேக்க அப்படித்தான் பண்ணுவாங்க, டாக்டர் குழாய் மாதிரி. ஃபோனுக்கு யாரும் பண்ணி நான் பாத்ததில்லை. கண்ணை மூடிக்கிட்டு, "லெஃப்ட். மூணாவது"ன்னாரு. என் நாக்கு தானாப் போய் இடது பக்கம் மூணாவது பல்லைத் தொட்டுப் பாத்துச்சு. அக்கா, சத்தியமா மூணாவது.

அதான் அந்த மனுஷனோட காது. ரயில் ஓடும்போது ஒரு சக்கரத்துல வர்ற கீறலைக் கேட்டே சொல்லிடுவாராம்.

புதன்கிழமை எஞ்சினைத் திறக்கிறதுன்னு முடிவாச்சு. ராத்திரி நானும் ஒரு முடிவு பண்ணேன். உண்மையைச் சொல்லிடலாம்னு இல்லை. அந்த அளவுக்கு எனக்கு புத்தி வளரலை. அங்கிள் குரல்ல பாய்க்கு ஃபோன் போட்டு, திறக்க வேண்டாம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஒரு பொய்யை இன்னொரு குரல்ல போய் ரிப்பேர் பண்றது. காலையில ஒம்போது மணிக்கு, அப்பா ஃபோன்லேர்ந்து, "பாய்! டெரிக் பேசறேன் மேன். நான் திங்க் பண்ணேன். அது ஒண்ணுமில்லை, சும்மா கார்பன் சத்தம். டோன்ட் ஓபன் மேன், சும்மா விடு மேன்."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பாய் கேட்டாரு: "டெரிக் சார். நீங்க. பெர்த்துல இருந்தா பேசறீங்க?"

"நோ நோ, வீட்லேர்ந்து மேன்."

"அப்ப. என் பக்கத்துல உக்காந்து. டீ குடிக்கிறாரே. இவர் யாரு?"

அவங்க ஏழு மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்க அக்கா. மேல் மூடியைத் திறந்திருக்காங்க, ஒண்ணுமில்லை. அப்ப இன்னும் உள்ளதான் இருக்கும்னு நடுவுல இருக்கறதைக் கழட்டியிருக்காங்க, ஒண்ணுமில்லை. அப்பவாவது விட்டாங்களா? இவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா இன்னும் ஆழமா இருக்குன்னு அர்த்தம். கடைசியில எஞ்சினோட இடது பக்கத் தலையையே தூக்கிட்டாங்க. தலைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும், கேஸ்கெட்டுன்னு. ஒரு தடவை அமுக்கி முறுக்கிட்டா அப்புறம் பிரிச்சா அது செத்துப்போச்சு, மறுபடி போட முடியாது. எங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, பெங்களூர்க்காரர் ஒருத்தரோட தம்பி அமெரிக்காவுலேர்ந்து சூட்கேஸ்ல சட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டு வந்தது. அதான் போச்சு. மறுபடி வரணும்னா மூணு வாரம்.

நான் பட்டறைக்குப் போனப்ப எட்டு சிலிண்டர்ல நாலு வெளிச்சத்துல மினுமினுன்னு இருக்கு. ஒரு கீறல் இல்லை. அங்கிள் ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. நான் ஃபோன் போடறதுக்கு முன்னாடி அவர் என்ன சொல்லிட்டிருந்தாராம்னு பாய் அப்புறம்தான் எனக்குச் சொன்னாரு. "என் காது போயிடுச்சு பாய். முப்பத்தெட்டு வருஷம் இதை வச்சுத்தான் ரயில் ஓட்டினேன். நல்ல வேளை, யாரையும் கொல்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டேன்"னாராம்.

தண்ணி இருக்கா அக்கா? ஒரு வாய் குடுங்க. இல்லை, இந்த எஞ்சின் சூடு. கண்ணு எரியுது.

அந்த ஃபோனைக் கேட்டதுமே ஆடியோவும் நான்தான்னு அங்கிளுக்குப் புரிஞ்சுபோச்சு, ஆனா என்னைத் திட்டலை. "பண்ணு மா"ன்னாரு. எஞ்சின் மாதிரி பண்ணிக் காட்டச் சொன்னாரு. பண்ணேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாரு. என் தாடையில நுனியை வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சுக் கேட்டாரு. "வாயைத் திற"ன்னாரு. டார்ச் அடிச்சாரு. "ரப்பர் பேண்ட். லெஃப்ட் சைடு. மூணாவது." டார்ச்சை அணைச்சுட்டு அம்மாவைப் பாத்து, "என் காது நல்லாத்தான் இருக்கு சுலோச்சனா"ன்னாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பாய் நிஜமாவே சிரிச்சுட்டாரு. அம்மா ஸ்பேனரைக் கீழ வச்சாங்க. அவங்க ஸ்பேனரைக் கீழ வச்சா எனக்கு பயம்.

ஸாரி சொல்லச் சொன்னாங்க. சொன்னேன், பாய் குரல்ல. "மன்னிச்சுக்க. பாப்பா. தப்பு பண்ணிடுச்சு." யாரும் சிரிக்கலை. அம்மா குரல்ல சொன்னேன். அங்கிள் குரல்லயே அங்கிள்கிட்ட சொன்னேன், "ஐ ஆம் ஸாரி மேன்"னு. அவர் எந்திரிச்சு, சட்டையைத் தட்டிவிட்டுக்கிட்டு, "உன் குரல்ல சொல்லு மா"ன்னாரு. நான் வாயைத் திறந்தேன். அக்கா, ஒண்ணும் வரலை. என் குரல்னா எது? அதை நான் எங்க பிராக்டீஸ் பண்ணியிருக்கேன்? அவர் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் நான் அவரைப் பாக்கலை.

அதெல்லாம் ஒண்ணுமில்லை. சொல்லிக்கலாம். இப்ப இது இருக்குல்ல கையில! சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒருத்தர் செப்புத் தகட்டுல கேஸ்கெட் வெட்டுறாருன்னு குரூப்ல சொன்னாங்க. பழைய தகட்டைக் குடுத்து அம்மா என்னை அனுப்பினாங்க, தனியா, தண்டனையா. காலையில ஏழு மணியிலேர்ந்து அவர் பக்கத்துல நின்னு ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணி வாங்கியிருக்கேன். இது ரெண்டு மணிக்குப் பட்டறைக்குப் போயிட்டா ஆறு மணிக்குத் தலையைப் பூட்டிடுவாங்க. ஆறேகாலுக்கு ஸ்டார்ட். அங்கிள் கேக்குறாரு. ஏழரைக்கு ரயில் ஏறுறாரு. எல்லாம் சரியாப் போயிடும். நான் ஒண்ணும் ஸாரி சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

ஏன் அக்கா வண்டி நிக்குது? பத்து நிமிஷமா நிக்குதா? நான் பேச்சுல கவனிக்கலை. முன்னாடி லாரி கவுந்திருக்கா? மணி ஒண்ணரையா! இன்னும் அவிநாசி கூட வரலையே.

இருங்க, ஃபோன். அங்கிள்!

ஹலோ அங்கிள்... பஸ்ல அங்கிள். பெருந்துறை தாண்டி டிராஃபிக்ல நிக்குது. தகடு பத்திரமா இருக்கு... அக்கா, பட்டறையிலதான் இருக்காராம், பெட்டியோட வந்து உக்காந்திருக்காராம். ...ஆமா அங்கிள், லேட் ஆகும் போல... இல்லை அங்கிள், ரெண்டு மணிக்கு வர முடியாது. ...என்ன அங்கிள்? இப்பவா? பஸ்லயா? ...அக்கா, "ஒருவேளை நடக்கலைன்னா? நீ அந்த எஞ்சினைப் பண்ணு மா, கேட்டுக்கறேன்"ங்கறாரு.

இந்தாங்க, ஒரு நிமிஷம் அட்டையைப் புடிங்க. நேராப் புடிங்க. இருங்க அங்கிள், அந்த ரப்பர் பேண்டைக் கழட்டிடறேன்... ஏன்? ...அக்கா, கழட்டாதங்கறாரு. "டிக் வேணும் மா, அது இல்லைன்னா அது நம்ம வண்டி இல்லை"ங்கறாரு.

க்ர்ர்ர்ரூம்... டுபு-டுப், டுபு-டுபு-டுப், டிக், டுபு-டுப், டிக், டுபு-டுபு-டுப், டிக்...

அங்கிள்? இருக்கீங்களா?

ஐயோ, டிரைவர் அண்ணா, ஏன் எஞ்சினை ஆஃப் பண்றீங்க? ...என்ன, சத்தமா? டிக் டிக்குன்னு அடிக்குதா? வால்வு டேப்பெட்டா? ...கண்டக்டர் அண்ணா, நீங்களுமா! "எனக்குப் பவானியிலேயே கேட்டுச்சு"ங்கறீங்களே! அக்கா, பின்னாடி அந்தத் துண்டு போட்ட ஐயா கூட ஆமாங்கறாரு பாருங்க. அங்க முன்னாடி லாரியெல்லாம் நகருது, வழி விட்டாச்சு, இவர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இறங்குறாரே! பானெட்டைத் திறந்தா அவ்வளவுதான். ஒண்ணுமில்லைன்னா இன்னும் ஆழமாப் பாப்பாங்க. எனக்குத் தெரியாதா.

அக்கா, கண்டக்டர் குரல்ல ஒரே ஒரு "ரை" குடுத்தா போதும். நாக்கு நுனியில நிக்குது. டிரைவர் ஏறிடுவாரு. கண்டக்டரும் கீழ இறங்கிட்டாரு, அவரை விட்டுட்டுக் கூடப் போயிடலாம். குடுக்கட்டுமா?

...

அண்ணா! திறக்காதீங்க! பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு! அது நான்! என் பல்லுல வந்த சத்தம். நான்தான் பண்ணேன். சேலத்துல ரை சொன்னேன்ல, அதே மாதிரி. இதைக் கொண்டு போய்ச் சேக்கணும்ண்ணா, என்னால ஒருத்தர் எஞ்சின் சத்தம் கேக்காமலே ஊரை விட்டுப் போகப் போறாரு. ஸாரிண்ணா. ஸாரி.

ஏன் அக்கா எல்லாரும் இப்படிப் பாக்குறாங்க? டிரைவர் அண்ணா ஏறிட்டாரு. என்னண்ணா? எட்டு சிலிண்டரா? ஆமாண்ணா, மஸ்டாங். பச்சைக் கலர். ...மூணுக்குள்ள காந்திபுரம் போட்டுடறேங்கறாரு அக்கா! ஆனா நானும் பட்டறைக்கு வருவேங்கறாரு. கண்டக்டர் அண்ணா, ஏறுங்க, நிஜ ரை நீங்களே சொல்லுங்க.

அட்டையைக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். அச்சோ, ஃபோன் இன்னும் ஓடுது. ஹலோ அங்கிள்? லைன்லயேதான் இருந்தீங்களா? ...என்ன?

அக்கா, "இப்ப பேசினியே மா, அது யாரு வாய்ஸ்? நான் கேட்டதே இல்லையே"ங்கறாரு.

யாரோடதுன்னு சொல்லட்டும்?